செத்தவீட்டுக் கேக்

சுகிர்தம் கடைசி முட்டையையும் உடைத்து ஊற்றி, கை முழங்கை மட்டும் மாவாக நின்றபோதுதான் விறாந்தையிலிருந்து செல்வத்துரை கூப்பிட்டார். தேத்தண்ணி வேண்டுமாம். கொஞ்சம் முன்னர்தான் குடித்தவர். மனிசனுக்குத் தேத்தண்ணி வேண்டாம், குசினியில் என்ன நடக்கிறது என்று அறிய வேண்டும், அவ்வளவுதான். நெஞ்சு வருத்தத்தில் கால் இரண்டும் வீங்கி, சாய்மனைக் கதிரையே கதியென்று கிடக்கிறவருக்கு வேறு என்ன பொழுதுபோக்கு.

இப்போது ஏலாது, கையெல்லாம் மாவு என்று அவள் உள்ளேயிருந்து சத்தம் வைத்தாள்.

"அப்ப அந்த மாவைக் கொஞ்சம் கொண்டு வாருமன்" என்றார் அவர்.

அன்று புதன்கிழமை. சனிக்கிழமை உடுவில் கோயிலில் மகள் பொன்மலருக்குக் கலியாணம். கேக் இல்லாமல் வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர் வீட்டில் கலியாணம் இல்லை. ஆனால் சீனி பங்கீட்டுக் கூப்பனுக்கு மட்டும் கிடைத்த காலம் அது. ஒரு வீட்டுக் கூப்பனை வைத்துக்கொண்டு கலியாணக் கேக் போடுகிறதென்றால் பேத்தி கலியாணத்துக்குத்தான் சரிவரும். ஆகையால் அந்தச் சின்னத் தெரு, ஒழுங்கை முழுக்கவும் சேர்ந்து சீனி மிச்சம் பிடித்தது. வேதக்காரர், சைவக்காரர் எல்லாரும் மாதக்கணக்காகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தார்கள். கூப்பன் சீனி ஜாம் போத்தலிலும் பால்மா ரின்னிலும் சுகிர்தத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக் குணலட்சுமி விரதக்காரி. முட்டை போட்ட பண்டத்தைக் கையாலும் தொடமாட்டாள். அவள்கூட ஒரு போத்தல் கொடுத்தாள். றுலாங் என்கிற ரவையும் அப்படித்தான், ஒரு சுண்டு இங்கே, அரைச் சுண்டு அங்கே என்று வந்து சேர்ந்தது.

அதெல்லாம் இப்போது ஒரே சட்டியில், முட்டையோடும் நெய்யோடும் பூசணித் துண்டங்களோடும் கலந்து கிடந்தது. முட்டை விழுந்த பிறகு மாவைப் பொத்தி வைக்க ஏலாது. அன்றைக்கே சுட்டாக வேண்டும். பெரிய தாச்சியில் மணல் பரப்பி, அதற்குள் தட்டத்தை இறக்கி, தகரத்தால் மூடி, அந்தத் தகரத்தின் மேலும் சிரட்டைத் தணலைப் பரப்ப வேண்டும். கீழே ஒரு நெருப்பு, மேலே ஒரு நெருப்பு. ஒரு தட்டம் வேகும் வரைக்கும் பக்கத்தை விட்டு அசையக்கூடாது. பிறகு அடுத்த தட்டம். பொழுதுபட்டாலும் முடியாத வேலை.

அவள் கரண்டியில் கொஞ்சம் மாவை அள்ளிக்கொண்டு விறாந்தைக்குப் போனாள். செல்வத்துரை கரண்டியை வாங்கி மருந்து பார்க்கிறவரைப் போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மிசன் ஆஸ்பத்திரியில் ஆயுள் முழுக்க மருந்து கலக்கிக் கொடுத்தவர். தன் நெஞ்சு எந்த மட்டில் நிற்கிறது என்பதை டாக்குத்தருக்கு முதல் அவரே அறிந்துவிட்டார். அறிந்த அன்றே வீட்டாரைக் கூப்பிட்டு, தான் இருந்தாலும் போனாலும் பொன்மலரின் கலியாணம் ஒரு நாளும் பிந்தக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பொன்மலருக்கு முன்னரும் ஒரு கலியாணம் பேசி, கோயிலில் ஓலை வாசித்து அறிவித்து, சேலையும் எடுத்தாயிற்று. அந்தக் கிழமை மாப்பிள்ளையின் பாட்டன் செத்துப்போனார். ஒரு வருசம் போகட்டும் என்றார்கள். அந்த ஒரு வருசத்துக்குள் மாப்பிள்ளைக்குக் கண்டியில் உத்தியோகம் கிடைத்தது, உத்தியோகத்தோடு வேறு பெண்ணும் கிடைத்தது. பொன்மலர் அழவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படிப்பித்துவிட்டு வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு நல்ல சேலை ஒன்று அவள் உடுத்ததில்லை. இப்போது முப்பத்துநாலு வயதில், பக்கத்து ஊரான திருநெல்வேலியில் அச்சுக்கூடம் வைத்திருக்கிற ஜோர்ஜ் வந்திருக்கிறான். அவன் வந்த பிறகுதான் மகள் கிணற்றடியில் பாடுகிற சத்தம் சுகிர்தத்துக்குக் கேட்டது. அந்தச் சத்தம் இன்னொரு முறை நின்றுபோனால் தன்னால் தாங்க ஏலாது என்று அவளுக்குத் தெரியும்.

"சனிக்கிழமை மட்டும் இருப்பியளோ?" என்று அவள் கேட்டுவிட்டாள். கேட்கக்கூடாது என்று நினைத்து நினைத்தே கேட்ட கேள்வி.

செல்வத்துரை சிரித்தார். அவருக்கு மனைவியைப் பற்றி ஒரு பகிடி உண்டு. அதைக் கோயில் விருந்துகளிலும் சொல்லுவார். விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்று இருக்கிறதல்லவா, அதில் சுகிர்தத்துக்கு விசுவாசம் மலையளவு, அன்பு கடலளவு, நம்பிக்கை மட்டும் கூப்பன் சீனி அளவு. அவள் முறைப்பாள். ஆனால் அது பொய்யில்லை. மழை வருமுன்பே ஒழுக்குக்குச் சட்டி வைக்கிற பெண் அவள்.

"நீர் நம்பிக்கை எண்டு சொல்லிக்கொண்டு, ஒருவேளை நடக்குமோ நடக்காதோ எண்டு எட்டி எட்டிப் பாக்கிறீர்" என்றார் அவர். "கலியாண வீட்டுக்குப் போய் இலைக்கு முன்னாலை இருந்துகொண்டு, சோறு போடுவினமோ எண்டு ஆரும் யோசிக்கிறதே? சொன்னவன் போடுவான். நாங்கள் கையைக் கழுவிப்போட்டு இருக்க வேண்டியதுதான். எனக்கு முன்பந்தி கிடைச்சால் நீர் ஏன் கவலைப்படுறீர்?"

"உங்கடை பகிடியும் நீங்களும்" என்றாள் சுகிர்தம். கண் கலங்கியதை அவர் காணக்கூடாதென்று மற்றப் பக்கம் பார்த்தாள்.

அவர் மாவை நக்கிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் உப்புப் போட்டால் இனிப்புத் தூக்கும் என்றார். அவள் குசினிக்குப் போய் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலந்தாள். முதல் தட்டத்தைத் தாச்சிக்குள் இறக்கி மூடி, தணலைப் பரப்பினாள். சரிதானா என்று கேட்பதற்காக மாவோடு இன்னொரு கரண்டியை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். செல்வத்துரை கரண்டியைக் கையில் பிடித்தபடியே கதிரையில் சாய்ந்து கிடந்தார். வாயோரத்தில் கொஞ்சம் றுலாங் ஒட்டியிருந்தது. அவர் போய்விட்டார்.

சுகிர்தத்துக்கு முதலில் வந்தது கோபம்தான். மூன்று நாள் பொறுக்கக்கூடாதா இந்த மனிசனுக்கு. பிறகு அவள் முந்தானையால் அவருடைய வாயைத் துடைத்துவிட்டாள். பொன்மலரைக் கூப்பிட்டாள். மகள் ஓடிவந்து அப்பாவின் காலடியில் விழுந்ததும், சுகிர்தம் குசினிக்குப் போய்த் தணலை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மனிசன் செத்த நேரத்தில் கேக்கைப் பார்த்தவள் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அவள் மறுக்கவில்லை.

சத்தம் கேட்டு வேலியால் குணலட்சுமி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒழுங்கையே வந்தது. கோயிற்பிள்ளை தம்பிஐயா சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு மணி அடிக்க ஓடினார். செல்வத்துரையை நடு அறையில் கிடத்தினார்கள். என்ன உடுத்துவது என்ற பேச்சு வந்தது. கலியாணத்துக்கென்று தைத்த வெள்ளைக் கோட்டை பொன்மலர் அலுமாரியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தாள். உடுத்திப் பார்த்தால் மனிசன் கலியாணப் பெண்ணின் தகப்பனாகத்தான் இருந்தார்.

எல்லாம் சரி. ஆனால் வீட்டில் பிரேதம் கிடக்கும்போது அந்த வீட்டு அடுப்பு எரியக்கூடாது. உடுவிலில் அது வேதக்காரருக்கும் ஒன்று, சைவக்காரருக்கும் ஒன்று. பிரேதப் பெட்டி வாசல் படலை தாண்டும் வரைக்கும் அயல்வீடுகளிலிருந்துதான் கோப்பியும் சோறும் வரும். அடுப்பை நூர்க்கட்டோ என்று குணலட்சுமி மெல்லக் கேட்டாள்.

"வேண்டாம். எரியட்டும்" என்றாள் சுகிர்தம்.

குணலட்சுமி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு, தானே குசினிக்குப் போய்த் தணலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். முட்டை வாசத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் முதல் தட்டம் வேகத் தொடங்கியது. அதோடு வந்தது சங்கடம். நெய்யும் சீனியும் கருவாப்பட்டையும் கயூ முந்திரியும் சேர்ந்து வேகிற வாசம் குசினியை விட்டு வெளியே வந்து, விறாந்தையைத் தாண்டி, நடு அறைக்குள் புகுந்தது. பனங்கட்டிச் சனம் அது, மாதக்கணக்காகச் சீனியைக் கண்ணால் காணாத சனம். அழுதுகொண்டிருந்த பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அது அழுகைக்கு உறிஞ்சியதா வேறு எதற்கா என்று சொல்ல முடியாது. வந்திருந்த போதகர் ஜெபம் பண்ணினபோது ஒரு தரம் நிறுத்தி, எச்சிலை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார். தம்பிஐயா மூன்று தரம் குசினிப் பக்கம் போய் வந்தார், விறகு இருக்கிறதா என்று பார்த்தாராம்.

ஜெபம் முடிந்த பிறகு சுகிர்தம் போதகரிடம் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டாள். கோயிலுக்கு ஒரு தடையும் இல்லை என்றார் அவர். இரண்டு வீட்டாருக்கும் சம்மதமென்றால் தனக்கும் சம்மதம். ஆனால் மாப்பிள்ளை வீட்டாரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கிடந்தது. ஜோர்ஜின் தாய் செல்வநாயகி ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவள். ஜோர்ஜ் தாய்ப் பேச்சைத் தட்டாதவன். தள்ளிவைப்போம் என்று அவள் ஒரு சொல் சொன்னால் அது எத்தனை வருசமாக நீளும் என்று சுகிர்தத்துக்குத் தெரியும். இலைக்கு முன்னால் இரு என்றாரே மனிசன். இருக்கலாம். இலையை எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்கிறது.

மத்தியானம் சண்டிலிப்பாயிலிருந்து வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. செல்வத்துரையின் அக்கா சிவக்கொழுந்து இறங்கினாள். படலையிலிருந்தே தலையிலடித்துக்கொண்டு, ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தாள். செல்வத்துரை அந்தச் சைவக் குடும்பத்தில் பிறந்து, மிசன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வேதத்துக்கு வந்தவர். மற்றவர்கள் அவரோடு கதைபேச்சு இல்லாமல் விட்ட காலத்திலும் இந்த அக்கா மட்டும் புகையிலைத் தோட்டத்து வரம்பில் வைத்துச் சோறு கொடுத்தவள். நெற்றி நிறையத் திருநீறு. குரலோ, இரண்டு ஒழுங்கைக்குக் கேட்கும்.

தம்பியின் தலைமாட்டில் விழுந்து அழுதவள் திடீரென்று அழுகையை நிறுத்தினாள். மூக்கைச் சுருக்கினாள். தலையை நிமிர்த்திக் குசினிப் பக்கம் பார்த்தாள்.

"இதென்ன பிள்ளை, அடுப்பு எரியுது?"

சுகிர்தம் காரணத்தைச் சொன்னாள். சனிக்கிழமைக் கலியாணம் தள்ளப்படாது என்றும், அது அவருடைய சொல் என்றும் சொன்னாள். சிவக்கொழுந்துக்கு அது காதில் ஏறவில்லை. தம்பி நடு அறையில் கிடக்கிறான், முப்பத்தொண்டு நாள் துடக்கு, தீட்டு இருக்கிறது, குசினியில் கலியாணப் பலகாரம் வேகிறது, இது என்ன வீடு, இது என்ன சமயம் என்று கேட்டாள். அவள் எழும்பிக் கொண்டையை முடிந்துகொண்டு வெளியே போனாள். கிணற்றில் துலா கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. பிறகு, நிறைந்த வாளியோடு அவள் குசினிக்குள் நுழைவதைச் சுகிர்தம் யன்னலால் கண்டாள்.

அவள் எழும்பப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். செத்தவரின் பெண்சாதி பிரேதத்தை விட்டு எழும்புகிறதாவது. அவள் அப்படியே இருந்தாள். தணலில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊர்ச் சீனி, பிள்ளையின் வாழ்க்கை, மனிசனின் கடைசிச் சொல், எல்லாம் ஒரு வாளித் தண்ணீரோடு போகிறது என்று நினைத்தபோது, செல்வத்துரைக்காக வந்த அழுகையை விட இப்போது கூடுதலாக வந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சத்தம் வரவில்லை. ஒப்பாரிதான் வந்தது. குசினிக்குள்ளிருந்து.

"என்ரை ராசா, நீ நடந்த வரம்பிலை புல்லு முளைச்சுதோ" என்று இழுத்துத் தொடங்கிய குரல் நடுவில் நின்றது. பிறகு அதே குரல், இராகம் இல்லாமல், "உந்தச் சிரட்டையை இஞ்சாலை தள்ளு பிள்ளை, ஒரு பக்கம் கருகப் போகுது" என்றது. மறுபடி இராகம் எழும்பியது. "நான் அள்ளித் தந்த சோத்துக்கு ஆர் கை நீட்டுவினம்." மறுபடி நின்றது. "மூடியைத் திறவாதை எண்டெல்லே சொன்னனான்."

நடு அறையில் அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பொன்மலர் அப்பாவின் கட்டிலோரத்தில் இருந்து தலை நிமிர்த்தினாள். வீங்கிய கண்ணோடு தாயைப் பார்த்தாள். தாயும் மகளும் ஒரே நேரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோள் குலுங்கியது. பாவம், எப்படி அழுகிறார்கள் என்று பின்னாலிருந்த ஒருத்தி சொன்னாள்.

வெயில் தாழ்ந்தபோது ஜோர்ஜும் செல்வநாயகியும் வந்தார்கள். செல்வநாயகி வெள்ளைச் சேலைக்காரி, வெகு காலமாகக் கைம்பெண். செல்வத்துரையின் முகத்தைப் பார்த்து அழுதாள். சுகிர்தத்தின் கையைப் பிடித்தாள். ஜோர்ஜ் பொன்மலருக்கு எதிரே சுவரோடு நின்றான். அவள் தலை நிமிரவில்லை. சட்டைக் கையில் அச்சுமை பிரண்டிருந்தது, வேலையை விட்டு அப்படியே வந்திருக்கிறான்.

செல்வநாயகி மெதுவாகத்தான் தொடங்கினாள். தனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, பொன்மலர் தங்கமான பிள்ளை. ஆனால் நாளைக்கு அடக்கம், சனிக்கிழமை கலியாணம் என்றால் சனம் என்ன கதைக்கும். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லும்போது அவளுடைய குரல் இன்னும் இறங்கியது. "என்ரை மூத்தவளின்ரை கலியாணத்திலை நான் குசினிக்குள்ளைதான் இருந்தனான். தாலி கட்டினதை நான் காணேல்லை. நீங்கள் இப்ப அந்த நிலையிலை இருக்கிறியள். உங்களுக்கு அது வேண்டாம். ஆறுதலாய்ச் செய்வம். ஒரு வருசம் போகட்டும்."

ஒரு வருசம் என்ற சொல் விழுந்ததும் பொன்மலர் எழும்பி அறைக்குள் போனாள். கதவு சாத்துகிற சத்தம் பெரிதாகக்கூடக் கேட்கவில்லை. சுகிர்தம் மெய்யாகவே கெஞ்சத்தான் வாயெடுத்தாள்.

அதற்குள் குசினி வாசலில் சிவக்கொழுந்து வந்து நின்றாள். கை இரண்டும் சாம்பல். திருநீற்றுக்கு மேலால் வியர்வை வழிந்து கன்னத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அவள் செல்வநாயகியைப் பார்த்தாள்.

"நீங்களோ மாப்பிள்ளையின்ரை தாய்? கேளுங்கோ. நான் அடுப்பை நூர்க்கத்தான் போனனான். தட்டம் பாதி எழும்பி நிண்டுது. பாதியிலை நிண்டதிலை தண்ணி ஊத்த எனக்கு மனம் வரேல்லை." அவள் தம்பி கிடந்த பக்கம் கையைக் காட்டினாள். "இவன் வேதத்துக்குப் போன அண்டைக்கு எங்கடை அப்பு, எங்களுக்கு இப்பிடி ஒரு பிள்ளை இல்லை, செத்துப்போனான் எண்டு சொல்லி எல்லாரையும் கிணத்தடியிலை தலை முழுகப் பண்ணினவர். நானும் முழுகினனான். சின்னப் பெட்டை, உண்மையாய்த் தம்பி செத்துப்போனான் எண்டு நினைச்சுக் காய்ச்சலிலை கிடந்தனான். அடுத்த மாதம் இவன் தோட்டத்து வரம்பிலை வந்து நிண்டு, அக்கா பசிக்குது எண்டு சிரிக்கிறான். எனக்கு ஒருக்கால் செத்து வந்தவன் இவன். நான் இவனை நம்பமாட்டன். செத்துப்போனான் எண்டு ஆர் சொன்னாலும் இனி நான் முழுசாய் நம்பமாட்டன்."

அவளுடைய குரல் அங்கே உடைந்தது. சாம்பல் கையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவன் சனிக்கிழமை எண்டு சொல்லியிருந்தால் சனிக்கிழமைதான். எனக்குத் துடக்கு, நான் வரமாட்டன். நீங்கள் வேதக்காரர், உங்களுக்கென்ன?"

இரண்டாவது தட்டத்தின் வாசம் உள்ளே வந்துகொண்டிருந்தது. சுகிர்தம் செல்வநாயகியின் கையைத் திருப்பிப் பிடித்தாள். தனக்கே தெரியாத ஒரு துணிவு எங்கிருந்தோ வந்தது.

"நீங்கள் குசினிக்குள்ளை இருந்தது போதும்" என்றாள். "சனிக்கிழமை நாங்கள் ரெண்டு பேரும் கோயிலிலை முன்வாங்கிலை இருப்பம். சனம் கதைக்கட்டும், கேக்கைத் தின்னேக்கை வாய் மூடும்."

செல்வநாயகி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். ஜோர்ஜ் சட்டைக் கையை முழங்கை மட்டும் சுருட்டிக்கொண்டு, சிவக்கொழுந்தைக் கடந்து குசினிக்குள் போய் விறகு பிளக்கத் தொடங்கிவிட்டான். தாய்ப் பேச்சைத் தட்டாத பிள்ளை, தாய் பேச முதலே போய்விட்டான். செல்வநாயகிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "நடக்கட்டும்" என்றாள்.

வியாழக்கிழமை பின்னேரம் செல்வத்துரையை அடக்கம் பண்ணினார்கள். பாட்டெல்லாம் அவரே முன்கூட்டிச் சொல்லி வைத்தவை, ஒன்றாவது சோகப் பாட்டு இல்லை. குழிக்கு மேல் மண் விழுந்தபோது சுகிர்தம் மிகவும் அழுதாள். இந்த மண்ணோடு முடிந்தது என்று அவள் அழவில்லை. இனி யாரிடம் போய்க் கரண்டியை நீட்டுவது என்று அழுதாள். வீட்டுக்கு வந்ததும் கேக்கைத் துண்டு போட்டு, வண்ணத் தாளில் சுற்றுகிற வேலை காத்துக்கொண்டிருந்தது. ஒழுங்கைப் பெண்கள் விறாந்தையில் இருந்து சுற்றினார்கள். உடைந்த துண்டுகளை யார் தின்பது என்று தம்பிஐயாவோடு சண்டை வந்தது. செத்த வீட்டில் அப்படிச் சிரித்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மணி அடித்தபோது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சுகிர்தம் கோயிலுக்குள் நடந்தாள். வெள்ளை உடுக்கவில்லை. அவர் எடுத்துத் தந்த மாம்பழ நிறச் சேலையைத்தான் உடுத்தாள். இரண்டு பக்கமும் சனம் திரும்பிப் பார்ப்பதை உணர்ந்தாள். தலையைக் குனியாமல் நடந்தாள். பொன்மலரின் முகத்தில் அழுகையும் சந்தோசமும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. ஜோர்ஜ் மைக்கறை போகாத விரலோடு எதிரே நின்றான். முன்வாங்கில் ஒரு கரையில் செல்வநாயகி இருந்தாள். மற்றக் கரையில் செல்வத்துரை வழக்கமாக இருக்கிற இடம், அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

போதகர் புத்தகத்தைத் திறந்தார். இந்தப் பெண்ணைக் கலியாணஞ் செய்து கொடுக்கிறவர் யார் என்று கேட்டார். தகப்பன் சொல்ல வேண்டிய பதில். சுகிர்தம் சொல்வதென்று முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி திறந்தாள். வரவில்லை. கோயில் முழுக்க அந்தப் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பொன்மலரின் கை அவளுடைய கைக்குள் குளிர்ந்தது.

"நாங்கள்தான் குடுக்கிறம்" என்றது வாசலில் ஒரு குரல். "ஆர் எண்டு கேட்டால்? தேப்பன் வீட்டார், நாங்கள்தான்."

எல்லாரும் திரும்பினார்கள். சிவக்கொழுந்து வாசற்படியில் நின்றாள். தலைமயிர் ஈரமாகத் தோளில் கிடந்தது, முழுகிவிட்டு வந்திருக்கிறாள். வெளியே மரத்தடியில் நின்று பிள்ளை காரால் இறங்குவதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றுதான் வந்தாளாம். தம்பி ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து இந்தக் கோயில் வாசலை அவள் மிதித்ததில்லை.

போதகர் தலையாட்டினார். பாடகர் வாங்கிலிருந்து ஒரு சிரிப்பு எழும்பி அமர்ந்தது. சுகிர்தத்துக்கு இப்போது குரல் வந்தது.

"ஓம். நாங்கள்தான்" என்று சொல்லி, மகளின் கையை ஜோர்ஜின் கையில் வைத்தாள்.

பதிலைச் சொல்லி முடித்த பிறகுதான் சிவக்கொழுந்து தான் எங்கே நிற்கிறேன் என்பதை உணர்ந்தவள் போல விழித்தாள். திரும்பிப் போவதா உள்ளே வருவதா என்று தெரியவில்லை. தன்னுடைய சைவக் கோயிலுக்குப் போகிறவளைப் போலச் செருப்பைக் கழற்றினாள். வாசலில் விட்டால் யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். நடுவழியால் வெறுங்காலோடு வந்தாள். சப்பாத்தும் செருப்புமாக இருந்த சனம் வழி விட்டது. முன்வாங்கு வரைக்கும் வந்து, வெறுமையாக இருந்த அந்தக் கரையில் உட்கார்ந்தாள். செருப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

பாட்டு எழும்பியது. எல்லாரும் எழும்பினார்கள், அவளும் எழும்பினாள். சுகிர்தம் பாட்டுப் புத்தகத்தை அவளுக்கும் தெரியும்படி விரித்துப் பிடித்தாள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சிவக்கொழுந்து சைகை காட்டினாள். சொல் ஒன்றும் தெரியாது. ஆனாலும் இராகத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு ஒழுங்கைக்குக் கேட்கிற அந்தக் குரலில், எல்லாருக்கும் ஒரு வரி பிந்தி, அவளும் பாடினாள்.